கால் விழுந்த மாடு எழுந்து நடக்குமா?

நேற்று வரை ஏர் இழுத்த எருது, காலையில் தொழுவத்தில் ஒரு முன்னங்காலைத் தொங்க விட்டு நிற்கிறது. அல்லது கன்று ஈன்ற பசு பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் படுத்தே கிடக்கிறது. தடவிப் பார்த்தால் எலும்பு முறிவு தெரியவில்லை. குளம்பில் முள்ளோ புண்ணோ இல்லை. தீனி எடுக்கிறது, அசை போடுகிறது. கால் மட்டும் வேலை செய்யவில்லை. 'கால் விழுந்துவிட்டது' என்று கிராமங்களில் சொல்வது இதைத்தான்.

இப்படி ஒரு மாடு நின்றுவிட்டால் மாட்டுத் தரகர் வீடு தேடி வந்துவிடுவார். 'இனி இது தேறாது, வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்' என்பார். ஒரு ஜோடி எருதையோ ஒரே ஒரு கறவை மாட்டையோ நம்பியிருக்கும் சிறு விவசாயி பயந்துபோய் அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுகிறார். ஆனால் கால் நரம்பில் ஏற்படும் காயங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. சில தாமாகவே ஆறிவிடும். சிலவற்றுக்கு அறுவைச் சிகிச்சை தேவை. சில எதனாலும் சரியாகா. இவற்றின் வேறுபாட்டை அறிந்துகொண்டால், விற்பதா வைத்துப் பார்ப்பதா என்ற முடிவைப் பதற்றமின்றி எடுக்கலாம்.

எது நரம்பு?

பேச்சு வழக்கில் இரத்தக் குழாயையும் நரம்பு என்று சொல்வதுண்டு. 'நரம்பு ஊசி' என்ற சொல் அப்படி வந்ததே. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாரையும் சிலர் நரம்பு என்பார்கள். இங்கே சொல்லப்படும் நரம்பு இவை இரண்டும் அல்ல. மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் வெண்ணிறக் கயிறு போன்ற உறுப்பே நரம்பு. தோலில் படும் வலி, சூடு ஆகிய உணர்ச்சிகளைத் திரும்பக் கொண்டு வருவதும் இதுவே. ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் கற்றை கற்றையாக உறையிடப்பட்டு இருக்கின்றன.

பிரிட்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் 1943-ல் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் மருத்துவர்கள் இந்தப் பிரிவைக் கைக்கொள்கிறார்கள்.

முதல் வகையில் நரம்பு நசுங்கியிருக்கும். ஆனால் உள்ளே இழைகள் அறுந்திருக்கா. இது சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாகத் தேறிவிடும்.

இரண்டாம் வகையில் உள் இழைகள் அறுந்துவிடும்; வெளி உறை முழுதாக இருக்கும். புதிய இழைகள் அந்த உறையின் வழியாகவே வளர்ந்து வரும். இதற்கு மாதங்கள் ஆகும்.

மூன்றாம் வகையில் நரம்பே துண்டாகிவிடும். வழி இல்லாததால் இழைகள் எங்கும் போய்ச் சேரா. இதற்கு அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி.

ஒரு நாளைக்கு ஒரு மில்லி மீட்டர்

நரம்பு அறுந்தால் அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள பகுதி சிதைந்து போகிறது. இதை 1850-ல் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து அகஸ்டஸ் வாலர் என்ற ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். பிறகு புதிய இழை மேலிருந்து கீழ்நோக்கி வளர வேண்டும். அது வளரும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லி மீட்டர்தான். மாதத்துக்கு 3 சென்டி மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எருதின் தோளுக்கு அருகில் நரம்பு அறுந்துவிட்டது, அது போய்ச் சேர வேண்டிய தசை 45 சென்டி மீட்டர் கீழே இருக்கிறது என்று கொள்வோம். கணக்குப்படி 450 நாட்கள், அதாவது 15 மாதங்கள் ஆகும். கட்டளை வராத தசையோ நாளுக்கு நாள் சூம்பிக்கொண்டே போகிறது. ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு கடந்தால் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை அதை ஏற்காது. மடை திறந்து விட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பயிர் கருகிவிடுவதைப் போன்றது இது.

பக்கத்து வாய்க்காலில் இருந்து தண்ணீர்

தலைவாய்க்கால் உடைந்து கடைமடை வயல் காயும்போது விவசாயி என்ன செய்வார்? பக்கத்தில் ஓடும் இன்னொரு வாய்க்காலில் தண்ணீர் மிச்சமிருந்தால் அங்கிருந்து ஒரு கிளை வெட்டி வயலுக்குத் திருப்புவார். நரம்பு இடமாற்ற அறுவைச் சிகிச்சையும் இதே வகைதான். செயலிழந்த தசைக்கு அருகில், அவ்வளவு முக்கியமில்லாத வேலை செய்யும் நல்ல நரம்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை வெட்டி, கெட்டுப்போன நரம்பின் கீழ் முனையோடு தசைக்குப் பக்கத்திலேயே இணைக்கிறார்கள். 45 சென்டி மீட்டர் தூரம் 10 சென்டி மீட்டராகக் குறைந்தால் 450 நாள் 100 நாளாகக் குறைந்துவிடும். தசை சாவதற்குள் நரம்பு போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த எண்ணம் புதிதல்ல. பிரான்சு நாட்டு அறிஞர் புளோரன்சு, ஒரு சேவலின் சிறகுக்குப் போகும் இரண்டு நரம்புகளை வெட்டி, ஒன்றின் முனையை மற்றொன்றோடு மாற்றி இணைத்தார். சில மாதங்களில் சேவல் அந்தச் சிறகை மீண்டும் பயன்படுத்தியது. இதை அவர் 1828-ல் வெளியிட்டார். வேறு வழியாக வந்த கட்டளைக்கும் தசை கீழ்ப்படியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

மனித மருத்துவத்தில் இந்த முறை பிற்காலத்தில் நன்கு வளர்ந்தது. தோள்பட்டை நரம்புகள் அறுந்து கை விழுந்தவர்களுக்கு, எதிர்ப்பக்கக் கழுத்து நரம்பு ஒன்றைக் கொண்டுவந்து இணைக்கும் முறையைச் சீனாவின் ஷாங்காய் நகரில் கு யூடோங் 1986-ல் செய்து காட்டினார். முன்கைக்குப் போகும் நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றையை மட்டும் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்குக் கொடுக்கும் முறையை பிரான்சின் கிறிஸ்டோப் ஓபர்லின் 1994-ல் வெளியிட்டார். இந்த முறைகளுக்கெல்லாம் பின்னணியில் எலி, நாய், ஆடு போன்ற பிராணிகளில் செய்த சோதனைகள் பல உண்டு.

பெரிய கால்நடைகளில் இது நடைமுறைக்கு வந்திருப்பது குதிரையில்தான். அதுவும் காலில் அல்ல, தொண்டையில். குரல்வளையைத் திறக்கும் தசைக்குப் போகும் நரம்பு கெட்டு, ஓடும்போது இரைப்புச் சத்தம் எழுப்பும் பந்தயக் குதிரைகளுக்கு, கழுத்து நரம்பு ஒன்றை அந்தத் தசைக்குத் திருப்பி விடுகிறார்கள்.

மாட்டுக்குப் பொருந்துமா?

எலிக்கும் மனிதருக்கும் முடிவது மாட்டின் காலுக்கு ஏன் வழக்கத்துக்கு வரவில்லை என்ற கேள்வி எழலாம். காரணங்கள் பல.

முதலாவது எடை. 400 கிலோ எடையுள்ள மாடு, நரம்பு வளரும் வரை பல மாதங்கள் மூன்று காலில் நிற்க முடியாது. நல்ல காலும் கெட்டுவிடும். இரண்டாவது தூரம். எலியின் காலில் சில சென்டி மீட்டர் வளர வேண்டிய இழை, மாட்டின் காலில் பல மடங்கு தூரம் வளர வேண்டும். மூன்றாவது கருவிகள். தலைமயிரைவிட மெல்லிய நைலான் இழையால், நுண்ணோக்கியின் கீழ் மணிக்கணக்கில் தைக்க வேண்டும். நான்காவது மயக்கம். மயக்க நிலையில் மாட்டைப் பல மணி நேரம் ஒருக்களித்துப் படுக்க வைத்தால், அந்த அழுத்தமே நல்ல காலின் நரம்பையும் தசையையும் நசுக்கிவிடக்கூடும்.

ஆகவே இந்த அறுவையை நம்பிச் சினை மாட்டையோ உழவு எருதையோ வைத்திருப்பது சரியாகாது. இது எடை குறைந்த நாய்க்கும், ஓரளவு ஆட்டுக்கும் கன்றுக்கும் பொருந்தக்கூடிய வழி. ஆடும் நாயும் மூன்று காலிலேயே நன்றாக வாழும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் இங்கே முக்கியம். அரிவாள், தகரம், கம்பி போன்றவற்றால் கால் ஆழமாக வெட்டுப்பட்டு, உடனே பாதம் தொங்கிவிட்டால், நரம்போ தசைநாரோ துண்டாகியிருக்கலாம். இடமாற்றம் இல்லாமல், அறுந்த இரு முனைகளையும் நேராக இணைப்பதே இதற்கு முதல் வழி. புதிய, சுத்தமான வெட்டாக இருந்தால்தான் அது எளிது. சாணம், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பக் கூடாது. சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அறுவைச் சிகிச்சைப் பிரிவு உண்டு.

அழுத்தமே பெரும் எதிரி

நல்ல செய்தி என்னவென்றால், தொழுவத்தில் நேரும் நரம்புக் காயங்களில் பல, வெட்டால் வருபவை அல்ல; அழுத்தத்தால் வருபவை. அவற்றுக்கு அறுவை தேவையில்லை. கால அவகாசமும் பராமரிப்புமே மருந்து.

முன்னங்கால்: லாடம் அடிக்கவோ சிகிச்சைக்கோ மாட்டைக் கட்டிச் சாய்த்து, கட்டாந்தரையில் நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடத்தினால் கீழ்ப்பக்க முன்னங்கால் நரம்பு நசுங்கும். எழுந்ததும் முழங்கை தாழ்ந்து, காலை முன்னே எடுத்து வைக்க முடியாமல், குளம்பு மடங்கி அதன் முன்புறம் தரையில் உரசும்.

தோள்: நுகத்தடி சரியாகப் பொருந்தாமல் தோளின் முன்பகுதியில் இடித்துக்கொண்டே இருந்தாலோ, வாசல் தூணில் வேகமாக மோதினாலோ தோள் நரம்பு கெடும். சில வாரங்களில் தோள்பட்டைத் தசை வற்றி, எலும்பின் மேடு வெளியே தெரியும்.

பின்னங்கால்: பெரிய கன்று இடுப்பு வழியில் சிக்கிக்கொண்டால், உள்ளே ஓடும் நரம்புகள் நசுங்குகின்றன. ஈன்ற பசு எழும்போது பின்னங்கால்கள் இரு பக்கமும் அகன்று விரிந்துவிடும். கன்றை முரட்டுத்தனமாக இழுத்தால் கன்றின் தொடை நரம்பும் இழுபட்டு, அதன் பின்னங்கால் உடல் எடையைத் தாங்காமல் மடங்கும்.

ஊசியால் வருவது: இடுப்புக்குப் பின்னால் பெரிய நரம்பு ஒன்று ஓடுகிறது. சதைப்பிடிப்பு இல்லாத கன்றுக்கு அந்த இடத்தில் ஊசி போட்டால் மருந்து நரம்பின் மீதே இறங்கிவிடலாம். தசை ஊசியைக் கழுத்தில் போடுவதே பாதுகாப்பு. மாடு துள்ளாமல் பிடித்துக்கொள்வது உடையவரின் பொறுப்பு.

முதல் நாள் செய்ய வேண்டியவை

கால் விழுந்ததெல்லாம் நரம்புக் காயம் அல்ல. ஈன்ற இரண்டு மூன்று நாட்களுக்குள் பசு படுத்துவிட்டு, காதுகள் சில்லிட்டு, கழுத்தை ஒரு பக்கமாக மடித்து வைத்திருந்தால் அது பால் சுரம். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதால் வருவது. மருத்துவர் கால்சியம் மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றினால் பெரும்பாலும் விரைவில் எழுந்துவிடும். காய்ச்சலோடு தொடை வீங்கி, தொட்டால் நறநறவென்று ஒலித்தால் சப்பை நோயாக இருக்கலாம். பின்னங்கால் தள்ளாட்டத்தோடு எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குரல் மாறினால் வெறிநோயாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட மாட்டின் வாய்க்குள் கை விடவே கூடாது. எனவே முதல் வேலை மருத்துவரை அழைப்பதுதான். நடக்க முடியாத மாட்டுக்கு நடமாடும் கால்நடை ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இரண்டாவது வேலை படுக்கை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆராய்ச்சியாளர்கள் 16 ஆரோக்கியமான பசுக்களை மயக்கி, ஒரு பின்னங்கால் உடலுக்கு அடியில் இருக்கும்படி 6, 9 அல்லது 12 மணி நேரம் கிடத்திப் பார்த்தார்கள். அவற்றில் பாதி பின்னர் எழ முடியாமல் போயின. அதற்கு முன் எந்த நோயும் இல்லாத மாடுகள் அவை! 1982-ல் வெளியான இந்த ஆய்வு ஒரு பெரிய உண்மையைச் சொல்கிறது. மாட்டை எழ விடாமல் செய்வது முதலில் பட்ட காயம் மட்டுமல்ல. கட்டாந்தரையில் ஒரே பக்கமாகக் கிடந்த சில மணி நேரமும்தான்.

எனவே ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் மணலோ வைக்கோலோ பரப்பி, அதன் மேல் மாட்டை மாற்ற வேண்டும். காலைப் பிடித்து இழுக்காமல், தட்டியின் மீதோ தார்ப்பாயின் மீதோ உருட்டி நகர்த்துவது நலம். மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை, இரவிலும், பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். நெஞ்சின் மேல் நேராகப் படுத்திருக்கும்படி இரு பக்கமும் வைக்கோல் அடைத்த சாக்கை முட்டுக் கொடுக்க வேண்டும். தண்ணீரும் தீனியும் வாய்க்கு எட்டும்படி இருக்க வேண்டும். கறவையை நிறுத்தாமல் மடியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

பின்னங்கால்கள் அகன்று விரியும் பசுவுக்கு, இரண்டு கால்களையும் குளம்புக்கு மேல் மெத்தென்ற துணிப்பட்டையால் சுமார் ஒரு முழம் இடைவெளி விட்டுப் பிணைத்து வைக்கலாம். வழுக்கும் சிமெண்டுத் தரை ஆகவே ஆகாது. தூக்கி நிறுத்த ஆட்கள் கிடைத்தால் நாளைக்கு இரண்டு வேளை சில நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம். காலை ஊன்றவில்லை என்றால் உடனே இறக்கிவிட வேண்டும். கயிற்றில் நெடுநேரம் தொங்கவிடுவதும் அழுத்தமே.

குளம்பு மடங்கி நடக்கும் கன்றுக்கு, பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, உள்ளே பஞ்சு வைத்து, பாதம் நேராக நிற்கும்படி கட்டலாம். கட்டை நாள்தோறும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லாத தோலில் புண் வந்தால் கன்று காட்டிக்கொள்ளாது. நாளைக்கு மூன்று வேளை பத்து நிமிடம் மூட்டுகளை மடக்கி நீட்டித் தசையைத் தேய்த்துவிட்டால், நரம்பு வரும் வரை மூட்டு இறுகாமல் இருக்கும்.

சூடு போடுவது கூடாது. நசுங்கிய நரம்பைச் சூடு ஆற்றாது. தோலில் புண்ணைத்தான் உண்டாக்கும். வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை முதல் ஓரிரு நாட்களிலேயே மருத்துவர் கொடுப்பார். கடையில் வாங்கிச் சொந்தமாக ஊசி போடக் கூடாது.

எத்தனை நாள் காத்திருப்பது?

பின்னங்கால் விழுந்து படுத்த பசு, முதல் நான்கு நாட்களுக்குள் எழ முயன்றால் நம்பிக்கை மிகுதி. தீனி எடுத்து, கண்ணில் தெளிவோடு, முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கும் மாட்டுக்கு இரண்டு வாரம் வரையிலும் உழைக்கலாம். தீனியை ஒதுக்கி, உடம்பெல்லாம் படுக்கைப் புண் கண்டு, எழும் முயற்சியையே விட்ட மாட்டை வைத்திருப்பது அதற்கும் துன்பம், உடையவருக்கும் நட்டம். அப்போது மருத்துவரின் சொல்லைக் கேட்டு, வலியின்றி முடித்துவிடுவதே கருணை.

நின்று நடக்கும் மாடாக இருந்தால் பொறுமைக்கு இடம் உண்டு. குளம்புகளுக்கு இடையே கிள்ளினால் காலை இழுத்துக்கொள்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். உணர்ச்சி இருந்தால் நரம்பு முழுவதும் அறவில்லை என்று கொள்ளலாம். லாடம் அடித்தபோது விழுந்த முன்னங்கால் பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் திரும்பிவிடும். தோள் வற்றிய எருதுக்குச் சில மாதங்கள் ஆகலாம். தசை மீண்டும் திரளும் வரை அதன் மீது நுகத்தடி வைக்கக் கூடாது. மூன்று மாதம் ஆகியும் உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை என்றால் இனி எதிர்பார்க்க அதிகம் இல்லை.

வருமுன் காத்தல்

லாடம் அடிக்க மாட்டைச் சாய்ப்பதானால் மணற்பாங்கான இடத்தில் சாய்த்து, தோளுக்கு அடியில் வைக்கோல் திணித்த சாக்கை வைத்து, வேலையை விரைவாக முடித்து அவிழ்த்துவிட வேண்டும். லாடக்காரர் வருவதற்கு முன் கட்டிப்போட்டுக் காத்திருக்க வைக்கக் கூடாது. வயிறு நிறையத் தின்ற மாட்டைச் சாய்க்கவும் கூடாது. இரண்டு எருதுகளும் ஒரே உயரத்தில் இருப்பதும், நுகத்தடி வழுவழுப்பாக இருப்பதும் தோளுக்குப் பாதுகாப்பு.

கிடேரி, வளர்ந்த பசுவின் எடையில் சுமார் 60 சதவீதம் எட்டிய பிறகே சினை ஊசி போட வேண்டும். சிறிய உடல்வாகு உள்ள பசுவுக்குப் பெரிய இனக் காளையின் விந்தைத் தவிர்ப்பது நலம். ஈனும்போது கன்று சிக்கிக்கொண்டால் இரண்டு ஆள் பலத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. டிராக்டரையோ மற்ற மாட்டையோ கட்டி இழுப்பது தாயையும் கன்றையும் சேர்த்து முடமாக்கும். அந்த நேரத்தில் மருத்துவருக்குச் செலவாகும் சில நூறு ரூபாய், ஒரு மாட்டின் விலையைக் காப்பாற்றும்.

நரம்பை இடம் மாற்றி இணைக்கும் கலை சேவலில் தொடங்கி மனிதரின் கை வரை வந்துவிட்டது. மாட்டின் காலுக்கு அது வழக்கமான சிகிச்சையாகும் நாளுக்காகச் சிறு விவசாயி காத்திருக்க வேண்டியதில்லை. மெத்தென்ற படுக்கையும், வேளை தவறாமல் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும் இரண்டு கைகளும் பல மாடுகளை எழுப்பி நிறுத்தப் போதுமானவை. தரகருக்குப் பதில் சொல்ல இரண்டு வாரம் பொறுத்திருப்பதில் நட்டம் ஏதும் இல்லை.